மீட்டர் கம்பும் கோலமும்

வளைந்த என் முதுகெலும்பில் கம்பி வைத்தால் வலி குறையும். ஆனால் முதுகுக் குறுக்கு இனி வளையாது, அபூர்வமாகக் கால் மரத்தும் போகலாம் என்றார் டாக்டர். குனிய முடியாத பொம்பளை வீட்டில் எதற்கு ஆவாள் என்று என் கணவரிடம் எரிந்து விழுந்தேன்.

அவர் ரத வீதியில் துணிக்கடை வைத்திருப்பவர். மறுநாள் விடிந்ததும் வாசலுக்கு வந்தால், கடை மீட்டர் கம்பைத் துண்டால் முதுகோடு கட்டிக்கொண்டு, குத்தவைத்து நகர்ந்து நகர்ந்து கோலம் போட்டுக்கொண்டிருந்தார்.

“என்ன அண்ணாச்சி, நேத்திக்கடனா?” என்றார் எதிர்வீட்டுக்காரர்.

“குறுக்கு வளையாம என்னெல்லாம் செய்யலாம்னு பாக்கேன் வே.”

பிறகு என்னிடம், “பைய போட்டுரலாம்ட்டி. காலு மரத்துப் போச்சுன்னா நான் போடுதேன்” என்றார்.

ஆபரேஷனுக்குச் சரி என்றேன். கோலம் என் முதுகைவிடக் கோணலாகத்தான் இருந்தது. ஆனாலும் அன்று முழுக்க யாரையும் அதை மிதிக்க விடவில்லை.