மாமனார் கிண்டிய பால்பாயசம்

மாமியார் காலமானதால் ஒரு வருஷம் எங்கள் வீட்டில் பண்டிகை கிடையாது. அது கழிந்து வந்த முதல் திருவோணத்துக்கு, "பால்பாயசம் இந்தத் தடவை நானாக்கும் பண்ணப் போறேன்" என்று மாமனார் அறிவித்தார். என் கையிலிருந்த டம்ளர் நழுவாதது தெய்வச் செயல். ஸ்ரீவராகத்தில் இந்த வீட்டுக்கு நான் மருமகளாக வந்த நாளிலிருந்து, அந்த மனுஷர் சமையலறை நிலைப்படியைத் தாண்டிப் பார்த்ததில்லை. தண்ணீர் வேண்டுமென்றாலும் வெளியே நின்று செருமுவார். அந்தச் செருமல் வெந்நீருக்கா மோருக்கா என்று கண்டுபிடிப்பது எங்கள் பொறுப்பு.

ஆனால் பாயசத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். "வெண்கல உருளி, சின்னத் தீ, மணிக்கணக்கா கிண்டணும். எங்காத்துல அப்படித்தான். குக்கர்ல பாயசம் வைக்கறதெல்லாம் சோம்பேறிகள் பண்ற காரியம்!" ஓண விருந்தாளிகளுக்கு இலை போடுவதற்கு முன்னால் இந்தப் பிரசங்கம் கட்டாயம் உண்டு. மாமியார் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருப்பார்.

அந்தச் சிரிப்பின் விவரம் எனக்கு மட்டும்தான் தெரியும். மாமனார் கோயிலுக்குக் கிளம்பி கேட்டைச் சாத்தினாரோ இல்லையோ, பரணிலிருந்து குக்கர் இறங்கும். பால், சர்க்கரை, பாயசத்துக்கென்று சாலைக் கடைத்தெருவில் வாங்கிய உணக்கலரி என்கிற பச்சரிசி, எல்லாம் ஒன்றாக உள்ளே போகும். வெயிட்டைப் போட்டு, தீயைக் குறைத்துவிட்டு, மாமியார் அவியலுக்குக் காய் நறுக்க உட்காருவார். மாமனார் திரும்புவதற்குள் இளஞ்சிவப்பான பாயசம் உருளிக்கு மாறியிருக்கும். குக்கரைக் கழுவிப் பரணில் ஏற்றுவது என் வேலை.

திருவோணத்தன்று காலையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாமனார் உள்ளே வந்தார். "கேஸை எங்கே திறக்கணும்?" என்பதுதான் மகா சமையல்காரரின் முதல் கேள்வி. கொஞ்ச நேரம் வலது கையால் கிண்டினார், பிறகு இடது கையால். வியர்க்கிறது என்று மேசை ஃபேனைக் கொண்டுவரச் சொன்னார். ஃபேன் வந்தது, அடுப்பு அணைந்தது, கோபம் என்மேல் வந்தது.

"எனக்குக் கிண்டத் தெரியாதுன்னு நினைச்சியா?"

"நான் எதுக்கு நினைக்கணும்ப்பா? அதான் கண்ணால பார்த்துண்டிருக்கேனே."

கரண்டியைக் கொடுங்கள் என்று கேட்டேன். தரவில்லை. "அவ பாயசத்தை இன்னிக்கு ஒரு வாய் குடிச்சுடணும். வேற ஒண்ணும் வேண்டாம் எனக்கு" என்றார், உருளியைப் பார்த்தபடியே. நான் ஃபேனை நகர்த்திவிட்டு அடுப்பை மறுபடி பற்றவைத்தேன்.

நைவேத்தியத்துக்கு முன்னால் ருசி பார்க்கக் கூடாதே, அதனால் முதலில் மாட்டிக்கொண்டவர் சுவாமி. பிறகுதான் மாமனார் ஒரு டம்ளரில் எடுத்தார். அடிப்பிடித்த புகை நாற்றம் எனக்கே வந்தது. ஒரு வாய் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார். "இது அவளோடது இல்லை. அந்த ருசி இனிமே கிடையாது, அவ்வளவுதான்" என்று முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். முகம் போன போக்கைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

"கிடைக்கும்ப்பா. அம்மா குக்கர்லதான் பண்ணுவா. எல்லா வருஷமும்."

கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார்.

"எப்படிச் சொல்லுவா? நாலு பேர் முன்னால சோம்பேறிகள்னு சொல்லிண்டிருந்தேளே!"

பரணை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "அதை எடு" என்றார். நல்லவேளை, இரண்டு கவர் பால் கூடுதலாக வாங்கி வைத்திருந்தேன். பரீட்சை ரிசல்ட்டுக்குக் காத்திருப்பவர் மாதிரி குக்கர் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். ஆவி அடங்கி மூடியைத் திறந்ததும் வந்த வாசனைக்கு எழுந்து நின்றுவிட்டார். சுவாமிக்கு மறுபடியும் நைவேத்தியம் ஆயிற்று. பாவம், அவருக்கும் ஒரு நஷ்டஈடு வேண்டாமா?

மத்தியானம் கிழக்கேகோட்டையிலிருந்து மாமனாரின் தங்கை குடும்பத்தோடு வந்தார். சாப்பாட்டின் கடைசியில் இலையில் போளியைப் போட்டு, அதன்மேல் பாயசத்தை விட்டேன். அத்தை பிசைந்து ஒரு வாய் எடுத்தார்.

"அண்ணா, உருளிப் பாயசம்னா இதாக்கும்! அப்படியே மன்னி கை!"

சரி, பிரசங்கம் ஆரம்பிக்கப் போகிறது என்று நான் பாத்திரத்தோடு உள்ளே திரும்பினேன். இத்தனை நாள் கட்டிக் காத்த பெருமை, விட்டுவிடுவாரா என்ன?

"உருளி இல்லை" என்றார் மாமனார். பந்தியே நிமிர்ந்து பார்த்தது. "குக்கர். உன் மன்னி எப்பவும் குக்கர்லதான் பண்ணினா." இலையிலிருந்த பாயசத்தை வழித்து ஒரு வாய் எடுத்துக்கொண்டார். "நல்ல பாயசம். எனக்குப் பயந்துண்டு, என் ஆத்துலேயே திருட்டுத்தனமா பண்ணினா."