சகலையின் பச்சைப் பை

குத்தாலத்தில் எங்கள் படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் ஒரு பச்சை முதுகுப்பை தொங்குகிறது. அதன் பட்டையில் இன்னும் கோடியக்கரைச் சேறு காய்ந்து கிடக்கிறது. துவைத்துப் போடட்டுமா என்று மனைவி கேட்கும்போதெல்லாம் எரிந்து விழுகிறேன். அது என் பை அல்ல. என் சகலையுடையது, மனைவியின் தங்கை கணவருடையது.

எங்கள் மாமனார் நீடாமங்கலத்தில் அறிவியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குப் பறவைப் பைத்தியம். வருஷா வருஷம் பொங்கல் முடிந்ததும் மாப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கோடியக்கரைக்குப் பூநாரை பார்க்கப் போவார். துப்பாக்கி இல்லாத வேட்டை என்பார். சேற்றிலும் முள்ளிலும் அரைநாள் நடை. அவருடைய டெலஸ்கோப்பைச் சுமப்பது மூத்த மாப்பிள்ளையான என் உரிமை. சுமக்கிறவன்தான் அவர் பக்கத்திலேயே நடப்பான், அவர் பார்த்ததும் அடுத்து அதில் கண் வைப்பான். ஜவுளிக்கடையில் கொடுத்த ஜிப் பைக்குள் அதைத் துண்டில் சுற்றி வைத்து, சாமி தூக்குகிற மாதிரி தூக்கிப் போவேன்.

அப்புறம்தான் துபாயிலிருந்து சகலை வந்து சேர்ந்தார், இந்தப் பச்சைப் பையோடு. இடுப்புக்கு ஒரு பெல்ட், நெஞ்சுக்கு ஒரு பட்டை, முதுகு வியர்க்காமலிருக்க வலை. மாமனார் அதைத் தூக்கிப் பார்த்தார், தடவிப் பார்த்தார். "டெலஸ்கோப் இதுல பாந்தமா உக்காருது பாருங்க மாப்பிள்ளை" என்று என்னிடமே சொன்னார். என் கைக்குச் சாப்பாட்டுக் கூடை வந்தது. அன்றைக்குப் பூநாரை வந்ததா இல்லையா என்றுகூட நினைவில்லை. முன்னால் சேர்ந்து போன அந்த இரண்டு முதுகுகள்தான் நினைவிருக்கிறது.

மறு வருஷம் நான் விடவில்லை. கடையில் இருந்ததிலேயே பெரிய பையை வாங்கினேன். பெரிசு என்றால் ஒசத்தி என்று நினைப்பு. பை வாங்க முதுகை அளக்க வேண்டும் என்று யார் கண்டது? நான் குள்ளம். இடுப்பு பெல்ட் தொடையில் வந்து உட்கார்ந்தது, ஒவ்வோர் அடிக்கும் பை பின்மண்டையில் குட்டியது. சகலை சேற்றில் மண்டி போட்டு என் வார்களை இழுத்துச் சரிசெய்தார். "அண்ணே, பாரத்த இடுப்புல வாங்கணும், தோள்ல வாங்கக் கூடாது." நல்ல மனுஷன். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. திட்டுவதற்காவது கொஞ்சம் இடம் கொடுத்திருக்கலாம்.

அடுத்த முறை சென்னை வரை போய், முதுகை அளந்து, அவருடையதைவிட ஒசத்தியாக ஒன்று வாங்கினேன். எங்கு தொட்டாலும் கிளிப், எங்கு இழுத்தாலும் வார். "நல்லா இருக்கு மாப்பிள்ளை" என்றார் மாமனார். டெலஸ்கோப் என்னவோ பழக்க தோஷத்தில் பச்சைப் பைக்குள்ளேயே போனது.

அன்று திரும்பும் வழியில் மாமனார் வழுக்கி விழுந்தார். கணுக்கால் வீங்கிவிட்டது. ஜீப் நின்ற இடமோ வெகு தூரம். "நான் தூக்குறேன் மாமா" என்று சொல்லிக்கொண்டே நெஞ்சுக் கிளிப்பைக் கழற்றினேன். இடுப்புக் கிளிப் சேறு ஏறிச் சிக்கிக்கொண்டது. அதற்குள் சகலை பச்சைப் பையை ஒரே உதறலில் கழற்றி, "அண்ணே, டெலஸ்கோப்ப நீங்க புடிங்க" என்று என் கையில் திணித்துவிட்டுக் குந்தினார். மாமனார் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு முதுகில் ஏறிக்கொண்டார்.

ஆசைப்பட்டது கைக்கு வந்துவிட்டது. முதுகில் ஒரு பை, நெஞ்சில் ஒரு பை என்று பின்னால் நடந்தேன். சகலை ஏதோ சொல்ல, மாமனார் அவர் தோளில் முகத்தைப் புதைத்துச் சிரித்தார். என்னோடு நடந்த எந்த வருஷமும் அவர் அப்படிச் சிரித்ததில்லை.

மாமனார் இப்போது இல்லை. அன்று என் கைக்கு வந்த டெலஸ்கோப்பும் பச்சைப் பையும் என்னிடமே தங்கிவிட்டன. போன வாரம் துபாயிலிருந்து பேசிய சகலை, "மாமாவோட டெலஸ்கோப் உங்ககிட்ட இருக்கு. நீங்க கொடுத்து வச்சவர்ண்ணே" என்றார். குரலில் லேசாக ஓர் ஏக்கம். நாளைக்கே பார்சல் போடுகிறேன், மாமா உங்கள் முதுகில் வந்த அந்தத் தூரத்தை எனக்குத் தருவீர்களா என்று நாக்கு நுனி வரை வந்தது. கதவுக்குப் பின்னால் தொங்கிய பையைப் பார்த்துக்கொண்டே, "ஆமா" என்று மட்டும் சொன்னேன்.