நான் படம் பிடிக்காத கோல்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மாசி மாத ஞாயிற்றுக்கிழமை. இடம், கோவில்பட்டியில் ஒரு பள்ளிக்கூடத்து மைதானம். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு ஒரு போட்டோ ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்தவன் நான்.

என் சுபாவத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். ஸ்டுடியோவைப் பூட்டினால் மூன்று தடவை பூட்டை இழுத்துப் பார்ப்பேன். பாதி வழி போய்விட்டுத் திரும்பி வந்து நான்காவது தடவையும் இழுப்பேன்.

எங்கள் முதலாளியிடம் ஒரு டெலி லென்ஸ் இருந்தது. தூத்துக்குடியில் கப்பலில் வேலை பார்த்த அவருடைய மச்சான் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. முழங்கை நீளம் இருக்கும். நூறு அடி தள்ளி நிற்கிறவனின் மீசை முடியை எண்ணலாம். அதை நாங்கள் துடைக்கலாம், மற்றபடி தொடக்கூடாது. அன்று முதலாளிக்கு ஒரு கல்யாண வேலை வந்துவிட்டதால், மைதானத்துக்கு அந்த லென்ஸோடு என்னை அனுப்பினார். எங்கள் ஊர் ஹாக்கி ஊர். பந்தைக் காலால் உதைக்கிற ஆட்டத்துக்கு அவ்வளவாக மவுசு கிடையாது. ஆனால் அந்த வருஷம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பையன்கள் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டார்கள். எதிரே கழுகுமலைப் பையன்கள். கோல் விழுகிற நேரத்தைப் படமாக எடுத்துத் தரவேண்டும் என்று விளையாட்டு வாத்தியார் கேட்டிருந்தார்.

ஸ்டுடியோக்காரர்களிடம் அந்தக் காலத்தில் ஒரு பழக்கம் உண்டு. வெளியில் ஒரே ஒரு கேமராப் பெட்டியோடு போனாலும் போட்டோக்காரனைச் சுற்றி ஐம்பது பேர் கூடிவிடுவார்கள். எல்லோருக்கும் எடுத்தால் பிலிம் என்ன ஆகும்? அதனால் பிலிம் போடாத கேமராவை வைத்து அழுத்துவோம். 'சும்மா கிளிக்' என்று அதற்குப் பெயர். சத்தம் கேட்கும், படம் விழாது. கேட்டவருக்குச் சந்தோஷம், நமக்கும் தொல்லையில்லை.

அன்றைக்கும் அதைத்தான் செய்தேன். பிலிம் சுருள் வெயிலில் கெட்டுவிடுமோ என்ற பயத்தில் அதை ஒரு தகர டப்பாவில் போட்டு, ஈரத்துணி சுற்றி, சைக்கிள் நிழலில் வைத்திருந்தேன். ஆட்டம் தொடங்கும்போது மாட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பு. பனியனில் எண் தைத்துக்கொண்டு பையன்கள் வரிசையாக வந்து நின்றார்கள். எல்லோருக்கும் சும்மா கிளிக். கடைசியாக எங்கள் ஊர் அணியில் இடது ஓரம் ஆடுகிற பையன் தனியாக வந்தான். ஒல்லிப் பையன்.

"அண்ணாச்சி, எங்க அப்பா மணியாச்சியில ரயில்வே கேங்குல தண்டவாள வேல பாக்காவ. ஞாயித்துக்கெழமயும் டூட்டி. நான் ஆடி ஒருநாளும் பாத்ததில்ல. அப்படி என்னத்தலே ஒதைக்கன்னு கேக்காவ. நான் கோல் போட்டா அத மட்டும் எடுத்துத் தாங்க, அவியகிட்ட காட்டணும்."

சரி என்றேன். அவனுக்கும் ஒரு சும்மா கிளிக் அடித்தேன். அவன் சட்டைக் காலரைச் சரிசெய்வதுபோல் பனியனின் கழுத்தை இழுத்துவிட்டுக்கொண்டு சிரித்தது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது.

கழுகுமலைப் பையன்கள் ஊருக்குப் போகிற பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்பதால், சொன்ன நேரத்துக்கு முன்பே ஆட்டம் தொடங்க விசில் அடித்துவிட்டார்கள். நான் அரக்கப்பரக்க ஓடிப்போய் கோல் கம்பத்துக்குப் பக்கவாட்டில் இடம்பிடித்தேன். லென்ஸ் ஆடாமல் இருக்கச் சைக்கிள் சீட்டின் மேல் துண்டை மடித்துப் போட்டு, அதன்மேல் சாய்த்துக்கொண்டேன்.

லென்ஸ் வழியாகப் பார்த்தால் அது வேறு உலகம். கரிசல் வெடிப்பில் சரள் கொட்டி நிரவிய மைதானம். ஓடும்போது புழுதி எழும்பி, ஒவ்வொரு பையனும் புகையிலிருந்து வருகிற மாதிரி இருந்தது. பல்லைக் கடிப்பது, நாக்கைத் துருத்துவது, எதிராளி பனியனை நடுவருக்குத் தெரியாமல் பிடித்து இழுப்பது எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்தது. ஒரு தடவை பந்து நேரே என் முகத்துக்கு வந்தது. லென்ஸைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தரையில் விழுந்து புரண்டேன். எழுந்து பார்த்தால் பந்து நடு மைதானத்தில் கிடக்கிறது. சுற்றி நின்றவர்கள் சிரித்த சிரிப்பு அடங்க ரொம்ப நேரமானது.

ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் அந்த ஒல்லிப் பையன் இரண்டு பேரைத் தாண்டி வந்து இடது காலால் உதைத்தான். கோல் காத்து நின்ற கழுகுமலை கோலி பறந்தான். அவன் விரலுக்கும் பந்துக்கும் நடுவே நாலு விரற்கடை இடைவெளி. அந்த இடைவெளி அப்படியே தெரியும்போது நான் அழுத்தினேன். வாழ்நாளில் அதைப்போல் ஒரு படம் எடுத்ததில்லை என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஒன்றுக்குச் சைபர். எங்கள் ஊர் ஜெயித்தது.

ஆட்டம் முடிந்ததும் பிலிமைச் சுற்றி எடுக்கக் கேமராவின் குமிழைத் திருகினேன். பிலிம் இருந்தால் கைக்கு ஒரு இழுவை தெரியும். அது காற்றில் சுற்றுவதுபோல் சுற்றியது. பின்மூடியைத் திறந்தேன். உள்ளே ஒன்றுமில்லை. பிலிம் தகர டப்பாவுக்குள் ஈரத்துணியில் குளுகுளுவென்று தூங்கிக்கொண்டிருந்தது.

முழு ஆட்டத்தையும் சும்மா கிளிக் அடித்திருக்கிறேன்.

ஒரு நிமிஷத்துக்குள் எத்தனை பொய்யைத் தயார் செய்தேன் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். பிலிம் பழசு, கழுவுகிற மருந்து கெட்டுவிட்டது, வெயில் பட்டுவிட்டது. எதையாவது இரண்டு நாள் கழித்துச் சொல்லிக்கொள்ளலாம். வாத்தியார் வந்து எல்லாம் எடுத்தாகிவிட்டதா என்று கேட்டபோது, ஆமாம் என்றுதான் தலையாட்டினேன். அவர் பின்னாலேயே அந்த ஒல்லிப் பையன் வந்தான். மூச்சு இன்னும் இரைத்துக்கொண்டிருந்தது. "அண்ணாச்சி, விழுந்துட்டுல்லா?" என்றான்.

அவன் முகத்தைப் பார்த்துத் தலையாட்ட முடியவில்லை. பிலிம் போட மறந்துவிட்டேன், ஆட்டத்துக்கு முன்னால் உன்னை எடுத்ததும் வெறும் சத்தம்தான் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பையன் கையிலிருந்த பனியனைப் பிழிந்துகொண்டு நின்றான். வாத்தியாருக்குத்தான் கோபம் பொங்கியது.

"அப்ப இவ்வளவு நேரம் கண்ண இடுக்கிக்கிட்டு என்னத்தப்பா பண்ணுன?"

"மேட்ச் பாத்தேன் சார்" என்றேன். பயத்தில் உண்மைதான் வந்தது.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்புறம் வாத்தியாரே சிரித்துவிட்டார். அந்தப் பையன் மட்டும் சிரிக்கவில்லை. "சார், அதே மாதிரி இன்னொருக்க அடிச்சா?" என்று கேட்டான்.

பஸ்ஸுக்கு இன்னும் அரைமணி நேரம் இருந்தது. ஆனால் கழுகுமலை கோலி சம்மதிக்க வேண்டுமே. அவன் கம்பத்தடியில் உட்கார்ந்து அழுது முடித்த முகத்தோடு இருந்தான். தோற்ற பையனிடம் போய், இன்னொரு தடவை தோற்றுக் காட்டு என்று எப்படிக் கேட்பது? ஒல்லிப் பையன்தான் போய்க் கேட்டான், அப்பா விஷயத்தையும் சொல்லி. கோலி என்னைப் பார்த்தான்.

"நிக்கேன். ஆனா அண்ணாச்சி, என் மூஞ்சி தெளிவா விழணும். கவுந்து கெடக்க மாதிரி எடுக்கப்பிடாது."

இருபத்திரண்டு பேரும் திரும்ப மைதானத்தில் இறங்கினார்கள். கோல் விழுந்தபோது யார் எங்கே நின்றார்கள் என்பதிலேயே ஒரு சண்டை நடந்தது. நான் வாத்தியார் கண்முன்னால் பிலிமை மாட்டினேன். இழுவை தெரிகிறதா என்று குமிழை இரண்டு தடவை திருகிப் பார்த்துக்கொண்டேன்.

விசில் அடித்தார்கள். பையன் ஓடிவந்து அதே மூலைக்கு உதைத்தான். கோலி பாய்ந்து பிடித்துவிட்டான்.

"ஏலே, விடணும்லே" என்று அவன் அணிக்காரனே கத்தினான்.

"விடணும்னுதான் நெனைக்கேன். கை கேக்க மாட்டேங்கு" என்றான் கோலி. அழுத முகத்தில் சிரிப்பு.

இரண்டாவது தடவையும் பிடித்தான். மூன்றாவதைத் தட்டிவிட்டான். சைக்கிளை உருட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பியவர்கள் எல்லாம் திரும்பி வந்து நின்றுகொண்டார்கள். எங்கள் ஊர்க்காரர்களே கோலிக்குக் கைதட்ட ஆரம்பித்துவிட்டார்கள். ஒல்லிப் பையனுக்கு ரோசம் வந்துவிட்டது. முதலில் போட்டது குருட்டுக் கோல்தான் என்று ஒருவன் கிண்டல் வேறு செய்தான். எனக்கோ வேறு கவலை. சூரியன் இறங்கிக்கொண்டே இருந்தது. அந்த லென்ஸுக்கு வெளிச்சம் நிறைய வேண்டும். வெளிச்சம் குறையக் குறைய ஷட்டர் வேகத்தைக் குறைக்க வேண்டும், குறைத்தால் படம் ஆடிவிடும். நான்காவதையும் கோலி பிடித்தபோது இன்னும் ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு என்று சத்தம் கொடுத்தேன்.

ஐந்தாவது தடவை கோலி விட்டுக்கொடுக்கவில்லை. முழு மூச்சோடு பறந்தான். பந்து அவன் விரலைத் தொட்டுக்கொண்டு, கம்பத்தில் இடித்து உள்ளே போனது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினேன். இரண்டு ஊர்ப் பையன்களும் சேர்ந்து கத்தினார்கள். கோலியையும் ஒல்லிப் பையனையும் ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினார்கள். கழுகுமலை வாத்தியார் பஸ் போகிறது, பஸ் போகிறது என்று பின்னாலேயே ஓடினார்.

கழுவிப் பார்த்தபோது ஐந்தும் விழுந்திருந்தன. ஐந்தாவது படம் கொஞ்சம் ஆடியிருந்தது, ஆனால் பந்து வலைக்குள் இருந்தது. அதை ஒல்லிப் பையனிடம் கொடுத்தேன். கோலிக்கு, நான்காவது தடவை அவன் பந்தைப் பிடித்த படம் போனது. அவன் கேட்டபடியே முகம் துல்லியமாக விழுந்திருந்தது. முதலாளியிடம் நடந்ததைச் சொன்னேன். நாலு நாள் திட்டினார், ஐந்தாம் நாள் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதையே கதையாகச் சொல்லிச் சிரித்தார்.

பத்து நாள் கழித்து, காக்கிச் சட்டை போட்ட ஒருவர் ஸ்டுடியோவுக்குள் வந்தார்.

"பிலிம் இல்லாத பெட்டிய வச்சி முழு மேட்சும் புடிச்ச ஆளு நீங்கதானா?"

எனக்கு வேர்த்துவிட்டது. அவர் சிரித்தார். அந்தப் பையனின் அப்பா. போட்டோவைக் கொடுத்த கையோடு மகன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டானாம். தலையணையை வைத்து, கோலி எப்படிப் பாய்ந்தான் என்று வீட்டுக்குள் விழுந்து விழுந்து நடித்துக் காட்டினானாம்.

"போட்டோவ ஒரு நிமிசம் பாத்தேன் தம்பி. அவன் சொன்னதத்தான் ரெண்டு நாளா கேட்டுக்கிட்டிருக்கேன். அடுத்த மேட்ச் எப்பன்னு சொல்லுங்க, டூட்டிய மாத்திட்டு வாரேன்."

சொன்னபடி வந்தார். என் பக்கத்திலேயே நின்றார். லென்ஸ் வழியாக மகனை ஒரு தடவை பார்த்துவிட்டு, வெகுநேரம் கண்ணை எடுக்கவே இல்லை. அன்றைக்குக் கேமராவில் அவர் கண்ணை வைத்திருந்தபோது விழுந்த கோலும் எனக்குக் கிடைக்காமல் போனது. ஆனால் அதற்காக நான் கொஞ்சமும் வருத்தப்படவில்லை.

பயம் இன்றைக்கும் போகவில்லை, பூட்டை இன்னும் நான்கு தடவை இழுக்கத்தான் செய்கிறேன். ஆனால் ஒரு தப்பைச் செய்துவிட்டு மறைக்கலாமா என்று மனசு கணக்குப் போடும்போதெல்லாம், நான் உண்மையைச் சொன்னதும் எனக்காக மறுபடி மைதானத்தில் இறங்கிய அந்த இருபத்திரண்டு பையன்களை நினைத்துக்கொண்டு, வெளிச்சம் இருக்கும்போதே வாயைத் திறந்துவிடுகிறேன்.