ஆறாவது வால்

அந்தச் சனிக்கிழமைக் காலை, சாப்பாட்டு மேசையில் இடுப்புப் பட்டிகளைப் பரப்பி நாடா ஒட்டிக்கொண்டிருந்தார் என் தங்கை கணவர். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. ஒட்டுவார், இழுத்துப் பார்ப்பார், சர்ரென்று பிரியும், மறுபடி ஒட்டுவார். பேருந்துப் பணிமனையில் டயர் மாற்றிப் பழகிய கைகள் அவை. இன்னும் உறுதியாகத்தான் இருந்தன.

இளவயதில் மோதி விழுந்து ஆடும் ரக்பி ஆடியவர். தோள் எலும்பு முறிந்தது, தலையில் அடிபட்டு நினைவு தப்பியது. “இனி அந்தப் பந்தைத் தொட்டீங்கன்னா நீங்களே சமைச்சு நீங்களே சாப்பிடுங்க” என்றாள் என் தங்கை. அப்படித்தான் டேக் ரக்பிக்கு வந்தார். இதில் யாரும் யாரையும் தள்ளக்கூடாது. பந்து வைத்திருப்பவரின் இடுப்பு நாடாவைப் பிடுங்கினால் அவர் நிற்க வேண்டும், அவ்வளவுதான். அந்த நாடாவை ஆட்டக்காரர்கள் வால் என்பார்கள். ஓர் அணி ஆறு வால் பறிகொடுத்தால் பந்து எதிரணிக்குப் போகும். அதை எண்ணுவது நடுவரின் வேலை.

பணிமனைக்குப் பின்னாலிருந்த வெற்றிடத்தில், கிழித்த படுக்கை விரிப்பைச் செருகிக்கொண்டு நாலைந்து பேரோடு தொடங்கினார். “வால் முளைச்ச கிழவனுங்க” என்று பேருந்து நடத்துநர்கள் சிரித்தார்கள். பிறகு அவர்களே மனைவிமாரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். தையல் ஆலைப் பெண்கள் வந்தார்கள், துப்புரவுப் பணியாளர்கள் வந்தார்கள், முட்டி தேய்ந்தவர்களும் வந்தார்கள். அடிபடாது என்பதால் எல்லோருக்கும் இடமிருந்தது. இப்போது சனி, ஞாயிறுகளில் பன்னிரண்டு அணிகள் ஆடுகின்றன. நடுவர் அவர்தான்.

முதியோர் பராமரிப்பில் பயிற்சி பெற்றவள் என்பதால், மறதி தொடங்கியதை நான்தான் முதலில் கண்டேன். மருத்துவரும் உறுதி செய்தார். அடுப்பு வேண்டாம், சைக்கிள் வேண்டாம் என்று ஒவ்வொன்றாக எடுத்தோம்.

“விசிலை மட்டும் எடுத்துடாதீங்கக்கா. அதுவும் போச்சுன்னா நான் மூலையில கிடக்குற மூட்டைதான். எண்ணிக்கை தப்புற அன்னிக்கு நானே குடுத்துடறேன்.”

சரி என்றேன்.

எண்ணிக்கை தப்பியது. ஆட்டக்காரர்கள் அவருக்குத் தெரியவிடவில்லை. ஆறாவது வால் போனதும், பந்து வைத்திருந்தவர் தாமாகவே அதைத் தரையில் வைத்துவிட்டு விலகுவார். அதைப் பார்த்து இவர் விசில் ஊதுவார். யாரும் கூடிப் பேசி முடிவு செய்யவில்லை. தையல் ஆலைப் பெண் ஒருத்தி ஒருநாள் செய்தாள், மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

அந்தச் சனிக்கிழமை வெளியூர் அணி ஒன்று முதல்முறையாக வந்தது. இந்த ஏற்பாடு அவர்களுக்கு எப்படித் தெரியும்? ஆறு வால் போன பிறகும் விசிலுக்காகக் காத்து ஆடிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் அவர்களின் தலைவரே நின்றுவிட்டார்.

“சார், எத்தனை ஆச்சு? எங்களுக்கே ஒன்பதுன்னு தோணுது.”

“நாலு” என்றார் இவர்.

“நாலேதான்! ஆடுங்கப்பா, வெயில் ஏறுது” என்று நம் அணியில் ஆடிய பேருந்து நடத்துநர் ஒருவர் கத்தினார். இவர் அந்தத் தையல் ஆலைப் பெண்ணைப் பார்த்தார்.

“எத்தனைம்மா?”

“நீங்க சொன்னா சரிண்ணே.”

“நான் கேட்டது அது இல்ல.”

“ஒன்பதுண்ணே.”

“இது எவ்வளவு நாளா நடக்குது?”

அவள் தன் வாலைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டாள். அவர் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டு, எல்லைக்கோட்டுக்கு வெளியே ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்த என் தங்கைக்கும் எனக்கும் அருகே வந்து உட்கார்ந்தார்.

வீட்டுக்கு வந்ததும் பொரிந்து தள்ளினார். “எல்லாரும் சேர்ந்து என்னைக் கோமாளி ஆக்கிட்டீங்க.”

“கோமாளிக்காக யாரும் கையில இருக்குற பந்தை விட மாட்டாங்க” என்றாள் என் தங்கை.

காலணியைக் கழற்றி ஓரமாக வைத்தார். பிறகு, “நாளைக்கு இது எனக்கு ஞாபகம் இருக்காது. கிளம்பி நிப்பேன். நீ சொல்லிடணும்” என்றார்.

“என்னால முடியாதுங்க. அக்கா சொல்லட்டும்.”

“அக்கா வேணாம். நீ சொன்னாத்தான் கேப்பேன்.”

மறுநாள் காலை முகம் மழித்து, நடுவர் சட்டை போட்டு, காலணி மாட்டிக்கொண்டு வந்தார். “விசிலை எங்க வெச்ச?” என்று கேட்டார்.

என் தங்கை அடுப்பை அணைத்துவிட்டு வந்து, அவர் எதிரே உட்கார்ந்து, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார். சட்டையைக் கழற்றி மடித்து, “அந்தப் பொண்ணுகிட்டக் குடுத்துடு” என்றார்.

அவள் அதைப் பையில் வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் மறுபடி விசிலைத் தேடினார். அவள் மறுபடி எதிரே உட்கார்ந்து, முதலிலிருந்து சொன்னாள்.