மகளுக்குப் பதிலாகப் பேர் போட வந்தவர்

1. வாசலில் நின்றவர்

காலையில் நூலகத்தைத் திறக்கப் போனபோது வாசற்படியில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தார். கோயிலுக்கு உடுத்தும் சேலை, கையில் ஒரு சொப்பிங் பை, சொட்டச் சொட்ட ஒரு குடை. ஹட்டனில் அன்று விடாத மழை. ஈரக் குடையோடு யார் நூலகத்துக்கு வந்தாலும் எனக்கு எரிச்சல் வரும். வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"பெரட்டு எத்தன மணிக்குங்க மிஸ்?"

பெரட்டு என்பது தேயிலைத் தோட்டத்தில் காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் பதிந்து வேலைக்கு அனுப்புவது. நானும் லயத்து வரிசை வீட்டில் பிறந்து வளர்ந்தவள்தான். ஆனாலும் கல்லூரி நூலகத்தின் வாசலில் அந்தச் சொல்லைக் கேட்டதும் ஒரு கணம் எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

"இது காலேஜ் லைப்ரரிங்க. இங்க பெரட்டெல்லாம் இல்ல. நீங்க யாரு?"

"நிரோஷாவோட அம்மாங்க. செல்வமணி. புள்ளைக்கி வர ஏலல. அவளுக்குப் பதிலா நான் பேர் போட வந்திருக்கேன்."

நிரோஷா எங்கள் நூலகத்தில் வேலை செய்துகொண்டே படிக்கும் மாணவி. தோட்டத்தில் ஒரு நாள் வேலை செய்தால் ஒரு பேர். எங்கள் தோட்டத்தில், வீட்டில் ஒருவருக்கு முடியாவிட்டால் இன்னொருவர் போய் நிற்பதுண்டு. கங்காணியும் பார்த்தும் பாராததுபோல இருந்துவிடுவார். அதே கணக்கை இந்த அம்மா பஸ் ஏற்றிக் கல்லூரிக்குக் கொண்டுவந்துவிட்டார். சிரிப்பதா திட்டுவதா என்று எனக்குத் தெரியவில்லை. குடையை வெளியே வைக்கச் சொல்லி, உள்ளே கூட்டிப் போய் உட்காரவைத்தேன். உட்கார மாட்டேன் என்றார். "ஒக்காந்திருந்தா பேர் விழுமாங்க?" என்று கேட்டார்.

2. இந்த வேலை எப்படி நடக்கிறது

நான் இப்போது ஓய்வில் இருக்கிறேன். எனக்குப் பிறகு அந்தக் கவுண்டரில் உட்காருகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆகவே நிரோஷாவின் அம்மா கொஞ்சம் நிற்கட்டும். அதற்குள் வேலையோடு படிக்கும் திட்டத்தைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கல்லூரியில் கட்டணம் கட்ட முடியாத பிள்ளைகளுக்கு உதவி இரண்டு பங்காக வரும். முதல் பங்கு கட்டணத்தில் கழிந்துவிடும். அதற்கு அவர்கள் எதுவும் செய்ய வேண்டாம், படித்தால் போதும். இரண்டாவது பங்கு வேலைக்கு உரியது. நூலகத்திலோ, கணினி அறையிலோ, அலுவலகத்திலோ வாரத்தில் சில மணி நேரம் வேலை செய்தால் மாதக் கடைசியில் கொடுப்பனவு கிடைக்கும். பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் பிள்ளைகள் அதைத்தான் நம்பி இருப்பார்கள். குடும்ப வருமானத்தைக் கிராம சேவகர் உறுதிப்படுத்த வேண்டும். இடங்கள் குறைவு, காத்திருப்பவர்கள் அதிகம்.

செய்த வேலையை நாங்கள் "ஹவர்ஸ்" என்போம். மேற்பார்வை செய்கிறவர் கையெழுத்து வைத்தால்தான் ஹவர்ஸ் செல்லும். விரிவுரை நேரத்தில் வேலை கொடுக்கக் கூடாது. பரீட்சை வாரத்தில் கேட்கவே கூடாது. தவறிய ஹவர்ஸை அந்தக் கல்வித் தவணைக்குள் பின்னால் செய்து ஈடுகட்டலாம். வேலை படிப்புக்காக வந்தது என்பதை மறந்துவிட்டால் பிள்ளை நல்ல வேலைக்காரியாகி, பரீட்சையில் கோட்டை விட்டுவிடுவாள்.

இதை விரிவுரையாளர்களுக்குப் புரியவைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும். ஒருவர் என்னிடம் வேலை செய்த பிள்ளை ஒருத்தியைக் கடைக்கு அனுப்பிச் சோற்றுப் பார்சல் வாங்கி வரச் சொன்னார். நான் அவர் அறைக்கே போனேன். "சேர், இவ புத்தகம் அடுக்க வந்தவ. உங்களுக்கு ஆள் வேணும்னா சம்பளம் குடுத்து வச்சுக்குங்க" என்றேன். அன்றிலிருந்து அவர் என்னிடம் புத்தகம் கேட்டு வருவதில்லை, வேறு ஆளைத்தான் அனுப்புவார். அதனால் எனக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

இன்னொன்று, "பாவம்" என்ற சொல்லைக் கவுண்டருக்கு உள்ளே விடமாட்டேன். உதவி வாங்குகிற பிள்ளையைப் பாவம் என்று சொல்ல ஆரம்பித்தால் அவள் தலை குனிந்துகொண்டே வேலை செய்வாள். அப்புறம் எந்தப் புத்தகம் எந்த ஷெல்ஃபில் போகிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

அந்த வருடம் கொழும்பிலிருந்து புதிதாக வந்த பதிவாளர் ஒரு விதி போட்டிருந்தார். மூன்று வேலை நாள் அறிவிக்காமல் வராவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போகும். அதற்கு முந்தைய வருடம் சிலர் வராமலே கொடுப்பனவு வாங்கியிருந்தார்கள். ஆகவே விதியில் எனக்கும் குறை சொல்ல ஒன்றுமில்லை. நிரோஷா வராத மூன்றாவது நாள்தான் அவளுடைய அம்மா வந்து நின்ற அந்த நாள்.

3. குளவி

"புள்ளைக்கி என்னங்க?" என்று கேட்டேன்.

செல்வமணி முதலில் ஊருக்குப் போயிருக்கிறாள் என்றார். பிறகு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் என்றார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"குளவி கொட்டிருச்சுங்க மிஸ். பஸ்ஸுக்கு மலைக்குள்ளால குறுக்க எறங்கி வந்தா. கொழுந்து மலையில கூடு இருந்திருக்கு. மூஞ்சி, கழுத்தெல்லாம் வீங்கி, ஆஸ்பத்திரியில போட்டிருக்காங்க. மூச்சுக்கு இப்ப பரவால்ல."

"இத ஏன் சொல்லல? ஒரு போன் கோல் எடுத்திருந்தா போதுமே!"

"நாந்தான் சொல்லாதடின்னேன். வருத்தம்னு சொன்னா பேர வெட்டிருவாங்கல்ல? கூட்டாளிப் புள்ளைக்கிட்டயும், யாராவது கேட்டா கல்யாணத்துக்குப் போயிருக்கான்னு சொல்லச் சொன்னேன்."

வருத்தம் என்றால் எங்கள் பேச்சில் நோய். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் யார்மேல் கோபப்படுவது? கொழுந்து எடுக்கும்போது குளவி கொட்டி மலையிலிருந்து தூக்கி வரப்பட்டவர்களை நானும் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அன்றைய பேர் கிடைக்குமா கிடைக்காதா என்று வலியோடு கேட்டுக்கொண்டே வருவார்கள். அந்த அம்மா ஆயுள் முழுக்கத் தெரிந்துவைத்திருந்த ஒரே விதியைத்தான் மகளுக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

"இந்த வேல போனா அவளுக்கு பஸ்ஸுக்குக் காசில்லங்க. படிப்ப விட்டுட்டுக் கொழும்புக்குக் கட வேலைக்குப் போயிருவா. ரெண்டு மூணு நாளு நான் செய்றேன். எழுதப் படிக்கத் தெரியாது, ஆனா என்ன சொன்னாலும் செய்வேன்."

சொல்லிக்கொண்டே முந்தானையால் ஷெல்ஃபைத் துடைக்கத் தொடங்கினார். கையைப் பிடித்து நிறுத்தினேன். அந்த நேரத்தில்தான் பவித்ரா உள்ளே வந்தாள். இந்த வேலைக்குக் காத்திருந்தவர்கள் பட்டியலில் முதல் ஆள்.

"மிஸ், பதிவாளர் சேர் என்னய இன்னிக்கே வேலைக்கு வரச் சொன்னாரு. நிரோஷாவோட எடத்துக்கு."

செல்வமணி பவித்ராவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பையை எடுத்துக்கொண்டு கதவுப் பக்கம் போனார்.

"நில்லுங்க," என்றேன். "எங்கூட வாங்க."

4. பதிவாளர் அறையில்

பதிவாளர் கெட்டவர் இல்லை. விதியைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கிறவர், அவ்வளவுதான். நடந்ததை எல்லாம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"கவலையான விஷயம்தான் மிஸ். ஆனா அறிவிக்கலையே? ஒருத்தருக்கு விட்டுக்குடுத்தா எல்லாரும் கேப்பாங்க. அந்தப் பிள்ளைக்கும் சொல்லிட்டேன். அதுவும் கஷ்டப்பட்ட பிள்ளைதானே?"

அதுவும் உண்மைதான். பவித்ராவின் வயிற்றில் அடித்து நிரோஷாவுக்குக் கொடுப்பது எனக்கும் நியாயமாகப் படவில்லை. பக்கத்தில் செல்வமணி கையைக் கட்டிக்கொண்டு, தோட்டத்துத் தொரை முன்னால் நிற்பதுபோல நின்றார்.

"இவங்க எதுக்கு வந்திருக்காங்க?" என்று பதிவாளர் கேட்டார்.

"மகளுக்குப் பதிலா வேலை செய்ய," என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது.

"அறிவிக்க வந்திருக்காங்க சேர்."

"என்னது?"

"மூணு வேலை நாள் அறிவிக்காம இருந்தாதான் இடம் போகும். இன்னிக்கு மூணாவது நாள். நான் லைப்ரரியத் திறக்க முன்னமே இந்த அம்மா வாசல்ல நின்னாங்க. பிள்ளைக்கு வர ஏலலன்னு எங்கிட்ட சொன்னாங்க. அறிவிப்புன்னா வேற என்ன சேர்?"

பதிவாளர் என்னைப் பார்த்தார், செல்வமணியின் ஈரச் சேலையைப் பார்த்தார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம் நீங்க," என்றார். நிரோஷாவின் இடம் தப்பியது.

நிரோஷா திரும்பும் வரை அந்த ஹவர்ஸைப் பவித்ரா செய்யட்டும், அதற்கான கொடுப்பனவு அவளுக்கே போகட்டும் என்று ஏற்பாடு செய்தோம். கணினி அறையில் அடுத்து ஓர் இடம் காலியானதும் அவள் அங்கே போனாள். அவளுக்கு அதுவரை கொஞ்சம் முகவாட்டம்தான், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

வெளியே வந்ததும் செல்வமணி மெதுவாகக் கேட்டார். "அப்ப வருத்தமா கெடந்த நாளுக்கு எப்படிங்க?"

"அந்த மணித்தியாலத்த சொகமாகி வந்து அவளே செஞ்சுக்கலாம். காசு கொறையாது."

"படுத்துக் கெடந்த நாள பொறகு செஞ்சுக்க விடுவாங்களா?"

"விடுவோம்."

அவர் நம்பவில்லை. இன்னொரு தடவை கேட்டார். இன்னொரு தடவை சொன்னேன். அப்புறம் நடு நடையில் நின்று, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்படி ஒரு எடத்துலயா எம்மவ வேல செய்றா?" என்றார். அவரைப் பிளேன்டீ குடிக்க வைத்துத்தான் பஸ்ஸில் ஏற்றினேன்.

5. முதல் நாளே சொல்ல வேண்டியது

எல்லாப் பிள்ளைகளுக்கும் விதிகளைச் சொல்லிக்கொடுத்துதான் வேலையில் சேர்த்தோம். எப்போது வர வேண்டும், எது கூடாது, எத்தனை நாள் தவறினால் இடம் போகும், எல்லாம் சொன்னோம். முடியாதபோது என்ன செய்யலாம் என்பதை மட்டும் எல்லாருக்கும் தெரிந்திருக்கும் என்று விட்டுவிட்டோம். நீங்கள் முதல் நாளே அதைத்தான் முதலில் சொல்லுங்கள். தோட்டத்துப் பிள்ளைக்குத் தோட்டத்துச் சொல்லிலேயே சொல்லுங்கள். வருத்தம் என்றால் சொல், பேர் வெட்ட மாட்டோம் என்று. முடிந்தால் அப்பா அம்மாவையும் கூப்பிட்டு வைத்துச் சொல்லுங்கள்.

செல்வமணிக்கு நான் சொன்னது கொஞ்சம் அதிகமாகவே ஏறிவிட்டது. அதன் பிறகு எதற்கெடுத்தாலும் கோல் வரும். "தலவாக்கலையில மண்ணு சரிஞ்சிருச்சு, பஸ் சொணங்கும். அறிவிச்சிட்டேங்க." "புள்ளைக்கி இருமல். ஆனா வருவா. அறிவிச்சிட்டேங்க." நூலகத்தில் எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சலித்துக்கொண்டேதான் எடுப்பேன்.

நிரோஷா படிப்பை முடித்துப் போய்ச் சில மாதங்கள் ஆகியிருந்தன. அவள் இடத்தில் வேறு பிள்ளை வேலை செய்துகொண்டிருந்தாள். ஒரு நாள் காலையில் பழைய நம்பரிலிருந்து கோல்.

"மிஸ், செல்வமணி பேசுறேங்க. நிரோஷா இனிமே லைப்ரரி வேலைக்கி வர மாட்டா. நுவரெலியாவுல ஆபீஸ் வேல கெடச்சிருச்சு. நேத்து பேர் பதிஞ்சுட்டாங்க."

சொல்லிவிட்டு, நான் ஏதாவது சொல்லட்டும் என்று காத்திருந்தார்.

"அறிவிச்சிட்டேங்க," என்றார்.