நெல் விளையும் ஊர்களுக்கு ஓங்கில் கொண்டுபோனேன்

கடலில் காலே நனைக்காத பிள்ளைகளுக்கு ஓங்கிலை அறிமுகப்படுத்துவது என்று ஒரு தொழில் உண்டு, அதற்கு மீன் இலாகாவில் ஓர் உத்தியோகமும் இருந்தது, அதில் நான் இருந்தேன், சிரிக்காதீங்க.

ஓங்கில் என்றால் டால்பின்தான். எல்லாம் தமிழில் இருக்க வேண்டும் என்று மேலே இருந்து உத்தரவு வந்துகொண்டிருந்த காலம் அது. அதனால் போர்டில் ‘ஓங்கில்’ என்றே எழுதினோம். தஞ்சாவூர்ப் பக்கம் உள்நாட்டில் இருந்தவர்களுக்கு டால்பினும் தெரியாது, ஓங்கிலும் தெரியாது. எங்கள் மேலதிகாரி பயிற்சிக்காக வெளிநாடு போனவர். போனவர்கள் எல்லாரும் டிரான்சிஸ்டர் வாங்கி வருவார்கள், இவர் ஒரு பெட்டி ஸ்லைடு வாங்கி வந்தார். அத்தனையும் ஓங்கில். காவிரிப் பாசனப் பிள்ளைகளுக்குக் கடல் மேல் ஆசை வர வேண்டும் என்று ஒரு திட்டம் போட்டு, தற்காலிக உதவியாளர் ஒருத்தரை எடுத்தார். அந்தத் தற்காலிகம்தான் நான். திருவிடைமருதூர்க்காரி, விலங்கியல் படித்தவள், இருபத்து நாலு வயசு. புரொஜெக்டர் தூக்க, போட, திட்ட, எல்லாவற்றுக்கும் ஆபரேட்டர் கோவிந்தராஜ் அண்ணன்.

வீட்டில் என் சொந்த அண்ணன் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். “ஒரு வருஷம் போ. பர்மனென்ட் ஆச்சுன்னா உன் இஷ்டம். ஆகலைன்னா வீட்டோட இரு, மாப்பிள்ளை பார்க்கிறோம்.” தற்காலிகம் என்ற முத்திரையோடு நாய்படாத பாடு பட்ட சகபாடிகளே, அந்த ஒரு வருஷம் எனக்கு எப்படிப் போயிருக்கும் என்று உங்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டுமா?

எத்தனை படி?

முதல் பள்ளிக்கூடம் கும்பகோணத்துக்குப் பக்கத்தில். ஜன்னலுக்கெல்லாம் சாக்கு கட்டி, அறையை இருட்டாக்கி, முதல் ஸ்லைடைப் போட்டதுமே “மீனு, மீனு” என்று ஒரே கூச்சல். “மீன் இல்லை. இது குட்டி போடும், பால் கொடுக்கும்” என்றேன் பெருமையாக. கூச்சல் அடங்கிவிட்டது. ஆஹா, பிள்ளைகளைப் பிடித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

முன் வரிசையில் ஒரு பையன் எழுந்து, “வேளைக்கு எத்தனை படி கறக்கும் டீச்சர்?” என்று கேட்டான். கறக்க முடியாது, குட்டிதான் தண்ணிக்குள்ளேயே குடித்துக்கொள்ளும் என்றேன். ஏர் பூட்டலாமா என்றான். முடியாது. சாணி போடுமா என்றான். போட்டாலும் வயலுக்கு ஆகாது என்றேன். அவன் உட்காரவே இல்லை. என்னை நிஜமாகவே பரிதாபமாகப் பார்த்தான்.

“அப்ப எதுக்கு டீச்சர் இதை இவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்தீங்க?”

ஒரு கண் தூக்கம்

ஓங்கிலுக்கும் நம்மைப் போல நுரையீரல்தான், மூச்சுக்குத் தண்ணிக்கு மேலே வர வேண்டும். அதனால் அடித்துப் போட்ட மாதிரி தூங்க முடியாது. ஒரு கண்ணை மூடி ஒரு கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்கும். இதைச் சொன்னால் எந்த ஊரிலும் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள் என்று நினைத்திருந்தேன். ஒரு கிராமத்தில் வகுப்பு மொத்தமும் தலையாட்டியது. அவர்கள் அப்பாமார்கள் எல்லாரும் முறை வைத்து விடுகிற வாய்க்கால் தண்ணிக்கு ராத்திரியில் வரப்பில் காத்துக் கிடப்பது அப்படித்தானாம்.

ஒரு சின்னப் பெண் மட்டும் யோசித்து, ரொம்ப அக்கறையாகக் கேட்டாள்.

“ரெண்டு கண்ணையும் மூடினா பக்கத்து வயக்காரன் மடையைத் திருப்பிடுவான்னு அதுக்கும் பயமா டீச்சர்?”

நெற்றியில் பொட்டு

ஸ்லைடு மட்டும் போதாது, தொட்டுப் பார்க்க ஒரு பொம்மை வேண்டும் என்றார் மேலதிகாரி. கோயில் வாகனமும் காகிதக்கூழ் பொம்மையும் செய்கிற ஒருவரிடம் கும்பகோணத்தில் சொல்லி வைத்தேன். ஆள் உயரத்துக்குச் செய்து, உடம்பு பூரா செதில் வரைந்து, வாலை நிமிர்த்தி வைத்து, கடைசியில் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் இட்டு அனுப்பிவிட்டார். பொட்டு வைக்காமல் எதையும் வாசல் தாண்ட விடுகிற வழக்கம் இல்லையாம் அவருக்கு. செதிலுக்கு மேல் சாம்பல் பெயின்ட் அடித்தோம். பொட்டை அழிக்க கோவிந்தராஜ் அண்ணனுக்குக் கை வரவில்லை. அப்படியே இருந்தது.

மூன்று மாதம் அந்த உருப்படியோடு ஊர் ஊராகப் போனேன். நாகப்பட்டினம் பக்கம் ஒரு கடலோரப் பள்ளிக்கூடத்தில்தான் மாட்டிக்கொண்டேன். கட்டுமரத்தில் கடலுக்குப் போகிறவரின் மகள் ஒருத்தி, பொம்மையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். “வாலு தப்பு டீச்சர். மீனுக்குத்தான் இப்படி நிக்கும். ஓங்கிலு வாலைப் படுக்க வெச்சு மேலயும் கீழயும் அடிக்கும். எங்கப்பா மரத்துக்குப் பக்கத்துல தினம் வரும். நீங்க பார்த்ததே இல்லையா?” பார்த்ததே இல்லை. விலங்கியல் பட்டம், ஒரு பெட்டி ஸ்லைடு, மூன்று மாதப் பிரசங்கம், எல்லாம் இருந்தது. ஓங்கிலை மட்டும் பார்த்ததில்லை. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இல்லை என்று அவளிடமே ஒப்புக்கொண்டு, வாலை அறுத்து மைதாப் பசை போட்டுப் படுக்க வைத்தோம்.

திரும்பும் வழியில் பொம்மை செய்தவரிடம் போய்ச் சண்டை பிடித்தேன். அவர் அசரவில்லை.

“மீனு இல்லைன்னு முன்னாடியே சொல்லியிருக்கணும்மா, மீன் இலாகாவுலேருந்து வந்து நின்னா நான் என்னன்னு நினைப்பேன்?”

நாற்காலியில் மிராசுதார்

இனிமேல்தான் என் கஷ்டகாலம். கீழ்வேளூர் பக்கம் ஒரு கிராமம். பள்ளிக்கூடம் நடந்ததே அந்த ஊர் மிராசுதாரின் பழைய கொட்டகையில்தான். அறுப்புக் கூலி விஷயமாக அவருக்கும் விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்கும் பேச்சு இழுத்துக்கொண்டிருந்தது. வடக்குத் தெருவில் அவர் சொந்தக்காரர்கள், தெற்குத் தெருவில் அவர் வயலில் அறுப்பவர்கள். இரண்டு தெருப் பிள்ளைகளும் கொட்டகையில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். மிராசுதார் மரியாதைக்காக வந்து பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நல்ல மனுஷன்தான், எங்களுக்கு இளநீர்கூட வெட்டச் சொன்னார்.

ஓங்கில் கூட்டமாக வாழும், சேர்ந்து வளைத்து மீனை நடுவில் கொண்டுவந்து, முறை வைத்துச் சாப்பிடும், ஒன்றுக்கு உடம்பு முடியவில்லை என்றால் இரண்டு பக்கமும் இரண்டு அணைத்து மூச்சு விட மேலே தூக்கும் என்றெல்லாம் வழக்கம் போலச் சொன்னேன். தெற்குத் தெருப் பையன் ஒருத்தன், “அந்தக் கூட்டத்துல மிராசு யாரு டீச்சர்?” என்றான். நான் ஒரு மடச்சி, யோசிக்காமல், “அங்கே மிராசெல்லாம் கிடையாது, எல்லாம் ஒண்ணுதான்” என்றேன். தெற்கு மூலையில் கைதட்டினார்கள். கோவிந்தராஜ் அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். மிராசுதார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

“கடல்லயும் சங்கம் வெச்சுட்டாங்களா?”

மனு

பத்து நாளில் மனு வந்தது. ‘மேற்படி அம்மையார் மீனைக் காட்டும் சாக்கில் கூலியாட்களைத் தூண்டிவிட்டு, பொது அமைதிக்குப் பங்கம் விளைவிப்பதால்’ என்று ஆரம்பித்து இரண்டு பக்கம். மேலதிகாரி என்னை நிற்க வைத்து அதைப் படித்துக் காட்டினார். என்னை பர்மனென்ட் ஆக்குகிற காகிதமும் அதே மேஜையில்தான் கிடந்தது.

“அதே ஊருக்கு நானே வர்றேன். ரெண்டு தெருப் பிள்ளைகளும் உட்காரணும், ஒரு தகராறும் வரக் கூடாது. பார்த்துட்டுத்தான் கையெழுத்து. பாதி ஊருக்குத்தான் காட்ட முடிஞ்சுதுன்னா திட்டமே தோத்துப் போச்சுன்னு எழுதிடுவேன். அந்தக் கூட்டம், முறை வெச்சுச் சாப்பிடுறது, தூக்குறது, அதெல்லாம் வேண்டாம். மூச்சு, பால், வால், இதோட நிறுத்திக்குங்க” என்றார். சரி சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். அவர் கூப்பிட்டு இன்னொன்றும் சொன்னார்.

“யாராவது கேட்டா, ஓங்கில் எந்தக் கட்சியிலயும் இல்லைன்னு தெளிவாச் சொல்லிடுங்க.”

மதகடியில்

நாங்கள் போன அன்றைக்குப் பேச்சு முறிந்து அறுப்பு நின்றிருந்தது. பேச்சு முடிகிற வரை மிராசுதார் கொட்டகைக்குள் எங்கள் பிள்ளைகள் கால் வைக்காது என்று தெற்குத் தெருவில் சொல்லிவிட்டார்கள். கொட்டகையில் பாதி காலி. மேலதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கு என் அண்ணன் முகம்தான் கண் முன்னால் வந்தது.

“மதகு யாரோட கொட்டகையும் இல்லையேம்மா, பொதுப்பணித்துறையோடதாச்சே” என்றார் கோவிந்தராஜ் அண்ணன். அவர் மட்டும் அன்றைக்கு இல்லாவிட்டால் நான் வீட்டோடுதான். புரொஜெக்டரை விட்டுவிட்டு, பொம்மையை இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டு போய் இரண்டு தெருவுக்கும் நடுவில் இருந்த வாய்க்கால் மதகில் வைத்தோம். வடக்குத் தெருப் பிள்ளைகள் பின்னாலேயே வந்து இந்தக் கரையில் நின்றார்கள். தெற்குத் தெருப் பிள்ளைகள் அந்தக் கரையில் வந்து சேர்ந்தார்கள். மூச்சு, பால், வால் என்று சொல்லி முடித்து வாயை மூடிக்கொண்டேன். பிள்ளைகள் விட வேண்டுமே.

“உடம்பு முடியலைன்னா தூக்குமே, அதை விட்டுட்டீங்க” என்றாள் அந்தக் கரையில் இருந்த அஞ்சலை. பத்து வயசுப் பெண். நான் மேலதிகாரியைப் பார்த்தேன், அவர் வானத்தைப் பார்த்தார். “நாங்க செஞ்சு காட்டுறோம்” என்று அஞ்சலையும் அவள் சிநேகிதியும் இடுப்பளவுத் தண்ணீரில் குதித்துவிட்டார்கள். “உடம்பு முடியாத ஓங்கில் யாரு?” என்று அவள் கேட்க, “நான்தான்” என்று இந்தக் கரையிலிருந்து ஒருத்தன் குதித்தான். மிராசுதாரின் பேரன். தெற்குத் தெருக்காரர்கள் குளிக்கிற துறை அது. அவன் வீட்டில் யாரும் அதில் கை நனைத்ததில்லை. பெண்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் அணைத்து அவனைத் தூக்கிப் பிடித்தார்கள். அவன் கண்ணை மூடி, வாயைப் பிளந்து, சாகப் போகிற ஓங்கிலாகவே கிடந்தான். இரண்டு கரையிலும் ஒரே சிரிப்பு.

சத்தம் கேட்டு மிராசுதார் வந்தார். அவரைக் கண்டதும் சிரிப்பு நின்றது. அந்தப் பெண்கள் கையை எடுக்கப் போனார்கள். பேரன் கண்ணைத் திறக்காமலே, “விட்டுடாதீங்க, நான் இன்னும் மூச்சு விடலை. தாத்தா, சத்தம் போடாதீங்க, எனக்கு உடம்பு முடியலை” என்றான். மிராசுதார் அப்படியே நின்றார். அவர் மீசை துடித்தது கோபத்திலா சிரிப்பிலா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. கடைசியில் மேலதிகாரி பக்கம் திரும்பி, “மனுவை வாபஸ் வாங்கிக்கிறேன் சார். மிராசு கிடையாதுங்கிற இடத்தை மட்டும் இந்த ஊர்ல சொல்ல வேண்டாம்னு அம்மாகிட்ட சொல்லிடுங்க” என்றார். மேலதிகாரி மதகுக் கட்டை மேலேயே காகிதத்தை வைத்து, என் உத்தரவில் கையெழுத்துப் போட்டார். நான் வெட்கத்தை விட்டு அழுதேன்.

பொம்மையைக் கட்டிக்கொண்டிருந்தபோது அஞ்சலை பாவாடையைப் பிழிந்தபடி வந்தாள். பையன் ரொம்பக் கனமா, கை வலிக்கிறதா என்று கேட்டேன். அவள் கையை உதறிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

“அவங்க வயல் கதிர்க்கட்டைத் தலையில வெச்சு நடக்கிறதுக்கு இவன் லேசுதான் டீச்சர்.”

அப்புறம் நான் பர்மனென்ட்டாக எத்தனையோ வருஷம் அதே பெட்டியோடு சுற்றினேன், மிராசைப் பற்றி மட்டும் எந்த ஊரிலும் வாயே திறக்கவில்லை, எல்லா ஊரிலும் பிள்ளைகள்தான் திறந்தார்கள்.