ஹர்த்தால் அன்று சித்தி போன வழி

எங்கள் பக்கத்தில் ஹர்த்தால் என்றால் யாரும் வருத்தப்பட்டதில்லை. முந்தின நாள் சாயங்காலமே பாறசாலைக் கடைகளில் கோழிக்குக் கூட்டம் முண்டியடிக்கும். மறுநாள் பஸ் ஓடாது, பள்ளிக்கூடம் கிடையாது, ஆபீஸ் கிடையாது. ஆண்கள் எல்லாரும் லுங்கியைக் கட்டிக்கொண்டு வீட்டில் கிடந்து உறங்குவார்கள். எந்தக் கட்சி, எதற்காக என்பதெல்லாம் பேப்பர் வந்த பிறகுதான் தெரியும். அப்படிப்பட்ட ஒரு புண்ணிய நாளில்தான் சித்தி, மாமாவின் சைக்கிளைத் துடைத்து வைத்துக்கொண்டு, இன்டர்வியூவுக்குப் போகிறேன் என்று நின்றாள்.

சித்தி என் அம்மாவின் தங்கை. மாமா அந்த இருவருக்கும் அண்ணன். அப்பா வளைகுடாவில் இருந்ததால் நானும் அம்மாவும் கேரளத்து எல்லையோரம் கொல்லயிலில் தாத்தா வீட்டில்தான் இருந்தோம். சித்தி பி.எட். முடித்துவிட்டுச் சும்மா இருந்தாள். கிழக்கே மலையடிவாரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலை காலி என்று கேள்விப்பட்டதிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. தாத்தாவுக்கு அவளை வேலைக்கு அனுப்ப மனம் இருந்தது, ஆனால் அந்த ஊருக்கு நேர் பஸ் கிடையாது. நெய்யாற்றின்கரைக்குப் போய், அங்கிருந்து வேறு பஸ் பிடித்து, இறங்கியும் வெகுதூரம் நடக்க வேண்டும்.

"வழியில்லாத ஊருக்கு உன்ன எப்பிடி அனுப்ப மக்களே?" என்றார். அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாவிட்டால் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் ஏற்கெனவே ஒரு தடவை வந்து பழம்பொரி தின்றுவிட்டுப் போயிருந்தார்கள்.

"ஹர்த்தாலுக்கு எந்த ஸ்கூல் ஏட்டி தொறந்து கெடக்கு?" என்று மாமா கட்டிலில் கிடந்தபடியே கேட்டார்.

"அது தமிழ்நாடாக்கும் அண்ணா. அங்க ஏது ஹர்த்தால்?" என்றாள் சித்தி.

அது உண்மையாகவும் இருக்கலாம். எங்கள் எல்லை அந்த லட்சணத்தில் இருந்தது. ரப்பர் வெட்டுகிறவர் ஒரு தோட்டத்தைச் சுற்றி வருவதற்குள் பலமுறை மாநிலம் மாறிவிடுவார். அடுக்களை கேரளத்திலும் கிணறு தமிழ்நாட்டிலுமாக இருந்த வீடு எனக்கே தெரியும். மலைப்பக்கத்தில் எது யாருடையது என்று அடித்துச் சொல்ல எங்கள் வீட்டில் ஆளில்லை. தாத்தா மட்டும் சித்தியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பிள்ளையத் துணைக்குக் கூட்டிட்டுப் போ" என்றார். ஒன்பது வயதில் நான் இப்படித்தான் ஒருத்திக்குத் துணையானேன். இன்டர்வியூவுக்குச் சேலை வேண்டாமா என்று அம்மா கேட்டதற்கு, அங்கே போய் உடுத்துக்கொள்வதாகச் சொல்லிச் சித்தி பையைக் காட்டினாள்.

உதியன்குளங்கரை ஜங்ஷனில் ஹர்த்தால்காரர்கள் நின்று, சைக்கிள் என்றும் பாராமல் காற்றைப் பிடுங்கிவிடுவார்கள். அதனால் தார் ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிளம்பினோம். தென்னந்தோப்பும் வயலும் தாண்டி, செம்மண்ணில் சரளை கொட்டிய பாதை தொடங்கும் இடத்தில் சித்தி இறங்கினாள். அவளே இரண்டு டயரிலும் கொஞ்சம் காற்றைப் பிடுங்கிவிட்டாள்.

"நாமளே ஹர்த்தாலா சித்தி?" என்றேன்.

"காத்து நெறைய கெடந்தா சல்லியில துள்ளும் மக்கா. பேசாம பிடிச்சிட்டு இரு."

அதன் பிறகு நான் பார்த்ததை இன்றைக்குச் சொன்னாலும் எனக்கு மேல் சிலிர்க்கும். வீட்டில் மீன் கழுவிக்கொண்டும் துணி மடக்கிக்கொண்டும் இருக்கிற சித்தி இல்லை அவள். சுடிதார் ஷாலை இடுப்பில் வரிந்து கட்டிக்கொண்டு, கம்பி வைத்த அந்த ஆண்கள் சைக்கிளை நின்றபடியே சவுட்டினாள். மாமா உருட்டிக்கொண்டு போகிற ஏற்றத்தை என்னையும் சுமந்துகொண்டு ஏறினாள். ரப்பர் மரங்களுக்கு நடுவே பாதை வளைந்து வளைந்து போயிற்று. இலைச் சருகில் சக்கரம் வழுக்கும்போது நான் கண்ணை மூடிக்கொள்வேன். அவள் உடம்பை ஒரு பக்கம் சாய்த்து, சைக்கிளை அதன் போக்கில் விட்டு, மறுபடியும் பிடித்துவிடுவாள். கால்வாய்க்கரையில் ஏறியதும் பாதை நேரானது. ஒரு பக்கம் நீர், மறுபக்கம் கீழே மரச்சீனிக் கிழங்கு விளைகள், எதிரே நீலமாக மலை. இவ்வளவு அழகான இடத்தை விட்டுவிட்டு எல்லாரும் ஏன் பஸ்ஸில் போகிறார்கள் என்று எனக்குப் புரியவே இல்லை.

கால்வாய்க்கரையும் சும்மா விடவில்லை. ஒரு மதகுப் பக்கம் கொடியோடு மூன்று பையன்கள் கல்லை அடுக்கி வைத்துக்கொண்டு நின்றார்கள்.

"சேச்சி, இன்னு ஹர்த்தாலாணு" என்றான் ஒருவன்.

சித்தி பிரேக் பிடிக்கவில்லை. "நாங்க தமிழ்நாடாக்கும். எங்களுக்கு இன்னைக்கு இல்ல" என்று நல்ல தமிழில் சொல்லிக்கொண்டே கல்லுக்கும் கால்வாய்க்கும் நடுவே நுழைந்துவிட்டாள். பையன்கள் வழிவிட்டு ஒதுங்கினார்கள். வீட்டில் பாதி நேரம் மலையாளம் பேசுகிறவள் அவள்!

இறக்கம் முடிந்த இடத்தில், நெய்யாற்றுக்குப் போய்ச் சேருகிற சின்ன ஆறு ஒன்று குறுக்கே கிடந்தது. சித்தி என்னை அக்கரையில் கொண்டு விட்டுவிட்டு, திரும்பி வந்து சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு போனாள். நடுவில் நின்று, நீர் எதுவரை இருக்கிறது என்று பார்த்தாள். கரையிலிருந்த மரத்தில் பழைய வெள்ளம் விட்டுப்போன கறையையும் பார்த்தாள். பிறகு கரையேறி வந்து பையைத் திறந்தாள். அவித்த மரச்சீனியும் காந்தாரி மிளகு அரைத்த சம்மந்தியும் காற்றடிக்கும் பம்பும் இருந்தன. சேலையைக் காணோம். பசி வேளையில் சேலையை யார் தேடினார்கள்?

பள்ளிக்கூடம் குன்றின் மேல் இருந்தது. கேட்டில் பெரிய பூட்டு. வாட்ச்மேன் பீடியை எறிந்துவிட்டு எழுந்து வந்தார்.

"இன்னு ஹர்த்தாலல்லே மோளே. ஆரும் இல்ல."

"இது தமிழ்நாடு இல்லியா?" என்று நான்தான் கேட்டேன். அவர் சிரித்தார். இது கேரளம் தன்னே, அந்த ரப்பருக்கு அப்புறம்தான் தமிழ்நாடு என்று கையைக் காட்டினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. சித்தி அழவில்லை. டீச்சர்கள் சைக்கிளை எங்கே வைப்பார்கள், சாயங்காலம் கேட்டை எப்போது பூட்டுவீர்கள், மழையில் இந்தக் குன்று சேறாகுமா, ஆற்றில் மேலே எங்காவது பாலம் உண்டா என்று சம்பந்தமில்லாமல் அவரிடம் கதை பேசிக்கொண்டிருந்தாள். திரும்பும்போது இறக்கங்களில் பாட்டு வேறு.

வீட்டுக்கு வந்தபோது எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். எங்களுக்கும் கோழிக்கறி விளம்பினார்கள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"சித்திக்கு ஒண்ணும் தெரியல. அது கேரளமாக்கும்! ஸ்கூல் பூட்டிக் கெடக்கு!"

மாமாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. "ஸ்டேட்டே தெரியாத டீச்சர்!" என்று தலையில் தட்டிக்கொண்டார். அம்மாவும் சிரித்தாள். சித்தியும் சேர்ந்து சிரித்தாள். தாத்தா சிரிக்கவில்லை.

"ஆத்துல வெள்ளம் எவ்வளவு உண்டு?" என்று கேட்டார். எங்களுக்கு வெள்ளம் என்றால் தண்ணீர்தான்.

"முட்டுக்குக் கீழதான் அப்பா."

"எடவப்பாதி மழையில?"

"அப்பம்னா கொஞ்சம் மேல பாலம் உண்டு. சுத்துதான், ஆனா கரையோடயே போயிரலாம்."

"ஒத்தைக்கு அவ்வளவு ஏற்றம் சவுட்ட முடியுமா?"

"பின்னால ஆள வச்சே போயிட்டு வந்தாச்சே."

தாத்தா தட்டில் மிச்சமிருந்த சோற்றை வழித்து உண்டார். பிறகு மாமாவைப் பார்த்து, "அந்த சைக்கிளுக்குப் பிரேக் கட்டை மாத்திக் குடு" என்று சொல்லிவிட்டுக் கை கழுவ எழுந்தார்.

அடுத்த மாதம் உண்மையான இன்டர்வியூ வந்ததும், சித்தி பல வருஷம் அந்தக் கால்வாய்க்கரையில் டீச்சராகப் போய் வந்ததும் பிறகு நடந்தவை. அன்றைக்கு எனக்குத் தோன்றியது வேறு. இவ்வளவு தூரம் போய் ஏமாந்து வந்தவளை எல்லாரும் கேலி செய்கிறார்களே, பாவம், தாத்தாதான் ஆறு, மழை என்று பேச்சை மாற்றி அவள் மானத்தைக் காப்பாற்றுகிறார் என்று நினைத்தேன். என் பங்குக்கு ஏதாவது செய்ய வேண்டும் போலிருந்தது. தட்டில் கடைசிக்கென்று ஒதுக்கி வைத்திருந்த கோழிக்காலை எடுத்து, யாரும் பார்க்காதபோது சித்தியின் சோற்றில் வைத்தேன்.